பாக்டீரியா தன் நஞ்சிலேயே ஏன் மடிந்துபோவதில்லை?

தேவகோட்டையிலிருந்து ஓர் எம்.எஸ்சி. மாணவர் கேட்டது: "சார், ரிட்-ஏ என்ற புரதத்தைப் பற்றி செமினார் எடுக்கப் போகிறேன். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது எங்கள் ஆயா, 'மாவைப் புளிக்க வைக்கிற பூச்சி அந்தப் புளிப்புலயே செத்துப் போகாதாப்பா?' என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தன் வளர்சிதை மாற்றத்தில் பிறக்கும் நச்சிலிருந்து பாக்டீரியா எப்படித் தப்பிக்கிறது? ரிட்-ஏ இதில் எங்கே வருகிறது?"

தம்பி, உங்கள் ஆயா கேட்டது நல்ல கேள்வி. செமினாரை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். காரைக்குடியில் பல வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். நச்சுக் கழிவு என்றதும் மாணவர்களுக்கு நினைவு வருவது செல் வெளியே கொட்டுகிற பொருள்கள்தான்: லாக்டிக் அமிலம், ஆல்கஹால், ஹைட்ரஜன் சல்பைடு இப்படி. அது பாதிக் கதை. செல்லுக்குப் பெரிய தொல்லை கொடுப்பவை உள்ளேயே, அன்றாட வேலை நடக்கும்போதே பிறக்கிற பொருள்கள். அவற்றில் சில, பிறந்து சில நொடிகளில் தாமாகவே சிதைந்துவிடும். அந்தச் சில நொடிக்குள் செய்துவிடுகிற வேலைதான் ஆபத்து.

ஒவ்வொரு நச்சுக்கும் இரண்டு விஷயம் கேளுங்கள். எந்த நொதியிலிருந்து பிறந்தது? எந்த நொதியைப் போய்ப் பிடிக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் 'செல்லைப் பாதிக்கிறது' என்று மட்டும் எழுதும் விடைத்தாளுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. நஞ்சு செல்லைப் பொத்தாம்பொதுவாகக் கொல்லுவது அபூர்வம். பெரும்பாலும் அது ஒரு குறிப்பிட்ட நொதியின் குறிப்பிட்ட ஓரிடத்தைத்தான் தாக்கும். காவல் புரதமும் அதற்கேற்றபடிதான் அமைந்திருக்கும்.

முதலில் ஆயாவுக்குப் பதில். இட்லி மாவைப் புளிக்க வைப்பதில் முக்கியமான ஆள் லியூகோனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ். மாவு பொங்கக் காரணமான கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் பெரும்பாலும் அதுதான் தருகிறது. சித்திரை மாதம் இங்கே ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும், பார்த்திருப்பீர்கள். அரைத்தவுடன் மாவின் பிஎச் ஏறக்குறைய 6. நன்றாகப் புளித்தபின் 4.5 பக்கம் இறங்கிவிடும். மடக்கை அளவு என்பதால் இந்த ஒன்றரைப் புள்ளிக்கு ஹைட்ரஜன் அயனி சுமார் 30 மடங்கு கூடுகிறது என்று அர்த்தம்.

ஆனால் வெளியே இருக்கும் ஹைட்ரஜன் அயனி சவ்வைத் தாண்டி அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. போவது, பிரியாமல் முழுசாக இருக்கும் லாக்டிக் அமில மூலக்கூறு. அதன் பிகேஏ, அதாவது அமிலத்தில் சரிபாதி பிரிந்திருக்கும் பிஎச், 3.86. பிஎச் 6-இல் அமிலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட பிரியாமல் இருக்காது. பிஎச் 4.5-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரியாமல் இருக்கும். மின்னூட்டம் இல்லாத அந்த மூலக்கூறு சவ்வின் கொழுப்பு வழியாக நழுவி உள்ளே போகும். உள்ளே பிஎச் அதிகம் என்பதால் அங்கே பிரிந்துவிடும். ஹைட்ரஜன் அயனி செல்லின் உட்புறத்தை அமிலமாக்கும். லாக்டேட் அயனியோ வந்த வழியே திரும்ப முடியாமல் உள்ளேயே தேங்கும். வெளியே கொட்டியது இப்படித்தான் வீட்டுக்குள் திரும்பி வருகிறது.

இங்கே காவல் காப்பது எஃப் வகை ஏடிபியேஸ். நம்முடைய மைட்டோகாண்ட்ரியாவில் ஹைட்ரஜன் அயனி உள்ளே பாய்வதை வைத்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைத் தயாரிக்கும் அதே இயந்திரம்தான். மாவுப் பாக்டீரியாவில் அது தலைகீழாக ஓடும்: ஏடிபியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். இன்னொரு தந்திரமும் உண்டு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா தன் உட்புற பிஎச்சை 7.5 பக்கத்தில் பிடிவாதமாக வைத்திருக்கும். லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் அப்படி அடம்பிடிப்பதில்லை. வெளியே பிஎச் இறங்க இறங்க உள்ளேயும் கொஞ்சம் இறங்க விட்டுவிடும். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைந்தால் அமிலம் உள்ளே வந்து பிரிந்து தேங்குவதும் குறையும். எதிர்த்து நிற்பதைவிட விட்டுக்கொடுத்து நிற்பது மலிவு.

அப்படியானால் சாகவே சாகாதா? சாகும். சர்க்கரை குறைந்து, ஏடிபி வரத்து சுருங்கி, அமிலத்தை வெளியே தள்ள முடியாமல் போனால் முதலில் வளர்ச்சி நிற்கும், அப்புறம் செல்கள் மடியத் தொடங்கும். மாவை மேலும் வெளியே விட்டு வைத்தால் லியூகோனாஸ்டாக்கைவிட அதிகம் அமிலம் தாங்கும் வேறு இனங்கள் மேலே வரும். ஆக, ஆயாவின் சந்தேகம் நியாயமானது. நேரம்தான் கொஞ்சம் கூடுதல் எடுக்கும்.

சரி, இது வெளியிலிருந்து திரும்பி வரும் நச்சு. உள்ளே பிறப்பவற்றுக்கு வருவோம்.

ஆக்சிஜனிலிருந்து தொடங்குவது சுலபம். நம்மூர் சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். அங்கே உலோகத்தில் நடப்பதும் செல்லுக்குள் நடப்பதும் ஒரே அடிப்படை வேதியியல்தான்: ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பறிக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறில் இணை சேராத இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே திசைச் சுழற்சியோடு இருப்பதால், அது எலக்ட்ரானை ஒவ்வொன்றாக வாங்குவதையே விரும்பும். ஒன்று வாங்கினால் சூப்பர் ஆக்சைடு. இரண்டு வாங்கினால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மூன்றாவது வந்தால் ஹைட்ராக்சில் உறுப்பு (ரேடிக்கல்), அது எதிரே பட்டதையெல்லாம் தாக்கும். நான்காவதும் வந்து சேர்ந்தால்தான் தண்ணீர். சுவாசச் சங்கிலியிலும் மற்ற இடங்களிலும் இருக்கும் ஃபிளேவின் நொதிகள், எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் வழியில் இடித்த ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடுகின்றன. காற்றில் வளரும் ஈ.கோலை செல்லுக்குள் நொடிக்குச் சுமார் 10 முதல் 15 மைக்ரோமோலார் அளவு பெராக்சைடு இப்படிப் பிறக்கிறது. அரை மைக்ரோமோலார் தேங்கினாலே சேதம் தொடங்கிவிடும். ஆனால் ஆரோக்கியமான செல்லில் அது சில பத்து நானோமோலாருக்கு மேல் ஏறுவதில்லை. காவல் புரதங்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று இதிலிருந்தே தெரியும்.

சூப்பர் ஆக்சைடைக் கையாளுவது சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் இதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். பெராக்சைடைக் கையாள ஈ.கோலையில் இரண்டு வகை. சிறிய அளவுக்கு ஏஎச்பி என்ற பெராக்சிடேஸ். அது எலக்ட்ரான் சுமக்கும் என்ஏடிஎச் மூலக்கூறைச் செலவழித்துச் சுத்தம் செய்யும். அளவு கூடிவிட்டால் அதனால் சமாளிக்க முடியாது. அப்போது கேட்டலேஸ் களமிறங்கும், எதையும் செலவழிக்காமல் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். பெராக்சைடுக்கு எதிரான இந்தக் காவலைக் கூட்டச் சொல்லி மணி அடிப்பது ஆக்சி-ஆர் என்ற புரதம். பெராக்சைடு பட்டவுடன் அதிலிருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், காவல் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும்.

இப்போது கவனியுங்கள். 1986-இல் கார்லியோஸும் துவாத்தியும் ஈ.கோலையின் சைட்டோபிளாசத்தில் இருக்கும் இரண்டு டிஸ்மியூட்டேஸ் மரபணுக்களையும் நீக்கிப் பார்த்தார்கள். பாக்டீரியா செத்துப் போகும் என்று எதிர்பார்ப்போம். சாகவில்லை. காற்றில் வளர அமினோ அமிலம் கொடுங்கள் என்று கேட்டது! ஐசோலியூசின், லியூசின், வேலின் மூன்றும் அதற்குத் தேவைப்பட்டவற்றில் உண்டு. காரணம், இந்த மூன்றையும் தயாரிக்கும் பாதையில் டைஹைட்ராக்சி அமில டிஹைட்ரேட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அதற்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கொத்து. சூப்பர் ஆக்சைடு குறிபார்த்து அந்தக் கொத்தைத்தான் உடைக்கிறது. உடைந்து வெளியே சிந்தும் இரும்பு, பெராக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சில் உறுப்பை உண்டாக்கி டிஎன்ஏவையும் காயப்படுத்தும். நான் மேலே சொன்ன இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும். ஐசோலியூசின் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ரிட்-ஏ கதையும் அதே தெருவில்தான் நடக்கிறது.

அதற்கு முன் மாவுப் பாக்டீரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்டலேஸுக்கு வேண்டிய, இரும்பு உள்ள ஹீம் என்ற பொருளை அவற்றுக்குத் தயாரிக்கத் தெரியாது, அதனால் பொதுவாகக் கேட்டலேஸ் கிடையாது. லேபில் கண்ணாடித் தகட்டில் 3 சதவீதப் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டு, நுரைத்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ், நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பிரித்திருப்பீர்களே, அந்தச் சோதனையில் இவையும் நுரைக்காது. உற்சாகத்தில் இட்லி மாவிலேயே பெராக்சைடை ஊற்றிப் பார்த்துவிடாதீர்கள். உளுந்துக்கே சொந்தமாகக் கேட்டலேஸ் உண்டு, நுரைத்துத் தள்ளும், தவறான முடிவுக்கு வருவீர்கள். லாக்டிக் அமிலப் பாக்டீரியாவுக்கான எம்ஆர்எஸ் அகார் ஊடகத்தில் தனிக் காலனியாக வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். ரத்த அகாரிலிருந்து எடுத்தாலும் இதே வம்பு, சிவப்பணுவின் கேட்டலேஸ் ஒட்டிக்கொண்டு வரும்.

காய்கறி ஊறல்களில் அதிகம் காணப்படும் லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் இன்னும் ஒரு படி மேல். அதற்கு டிஸ்மியூட்டேஸும் இல்லை. பிறகு எப்படிக் காற்றில் பிழைக்கிறது? மாங்கனீசு அயனியை மில்லிமோலார் கணக்கில் செல்லுக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மாங்கனீசே சூப்பர் ஆக்சைடைத் தின்றுவிடுகிறது. 1981-இல் ஆர்ச்சிபால்டும் ஃபிரிடோவிச்சும் இதை எழுதினார்கள். காவல் என்றால் புரதமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அந்த மாங்கனீசை வெளியிலிருந்து இழுத்து உள்ளே சேர்ப்பது சவ்வில் இருக்கும் புரதம்தான்.

இனி உங்கள் செமினார்.

ஐசோலியூசின் தயாரிப்பின் முதல் படி: திரியோனின் டிஹைட்ரேட்டேஸ் என்ற நொதி, திரியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தண்ணீரைப் பிடுங்கும். மரபணுப் பெயர் இல்வ்-ஏ. இது புகழ்பெற்ற நொதி. பாதையின் கடைசிப் பொருளான ஐசோலியூசின் சேர்ந்துவிட்டால் இந்த முதல் நொதியை நிறுத்திவிடும் என்று 1956-இல் அம்பார்கர் காட்டினார். பின்னூட்டத் தடை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அதன் முதல் உதாரணங்களில் ஒன்று இது.

இந்த நொதிக்கு ஒரு குறை. திரியோனினுக்கும் செரினுக்கும் ஒரேயொரு மெத்தில் தொகுதிதான் வித்தியாசம். நொதி செரினையும் பிடித்து அதே வேலையைச் செய்துவிடும். செரினிலிருந்து தண்ணீர் போனால் கிடைப்பது 2-அமினோ அக்ரிலேட். நிலையில்லாத பொருள். தண்ணீரில் சில நொடிகளில் தானாகவே உடைந்து பைருவேட்டும் அம்மோனியாவும் ஆகிவிடும். இரண்டுமே செல்லுக்கு வேண்டிய சரக்குதான். அதனால் வெகுகாலம், தானாக உடைகிற பொருளுக்கு எதற்கு நொதி, தேவையில்லை என்றே உயிர்வேதியியல்காரர்கள் நினைத்தார்கள்.

இன்னொரு பக்கம் ஒரு புரதக் குடும்பம் அநாதையாகக் கிடந்தது. ஈ.கோலையில் ஒய்ஜேஜிஎஃப் என்று பெயர். ஆட்டின் ஈரலில் யூகே114. எலி ஈரலில் பெர்குளோரிக் அமிலத்தில் கரையும் புரதம். ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவில் எம்எம்எஃப்1. பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரை உயிரின் எல்லாப் பெரும் பிரிவுகளிலும் இருக்கிறது, வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வேலை என்னவென்று தெரியாது. ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்து ஆளாளுக்கு ஒரு வேலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டயானா டவுன்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடம் சால்மோனெல்லா என்ற குடல் நோய்ப் பாக்டீரியாவில் தயமின், அதாவது வைட்டமின் பி1, எப்படித் தயாராகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த மரபணு குறுக்கே வந்தது. 1998-இல் வந்த அவர்கள் கட்டுரை, இந்த மரபணு கெட்டால் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல கோளாறுகள் தெரிகின்றன என்றது. அதன்பின் பல வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு போய் 2012-இல் வேலையைச் சொன்னார்கள்: இந்தப் புரதம் 2-அமினோ அக்ரிலேட் போன்ற துடிப்பான இடைப்பொருள்களைத் தண்ணீர் சேர்த்து உடைத்து அம்மோனியாவைப் பிரிக்கும் நொதி. அதற்கேற்ப ரிட்-ஏ என்று பெயர் மாற்றினார்கள். வினைத்திறன் மிகுந்த இடைப்பொருளின் அமினோவை நீக்கும் நொதி என்பதன் சுருக்கம்.

புரதம் சின்னது. ஈ.கோலையில் 128 அமினோ அமிலம். மூன்று துண்டுகள் சேர்ந்து வட்டமாக உட்காரும், வேலை நடக்கும் குழிகள் துண்டுகள் சந்திக்கும் இடுக்குகளில். சால்மோனெல்லாவில் 105-ஆம் இடத்தில் இருக்கும் ஆர்ஜினின் அங்கே முக்கியமானது. அதை மாற்றினால் வேலை போய்விடும்.

சரி, சில நொடியில் சாகிற பொருளுக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு? உங்கள் செமினாரில் நிச்சயம் யாராவது கேட்பார்கள், நானாக இருந்தால் கேட்பேன். கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். பாக்டீரியாவின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். சிறிய மூலக்கூறு ஒன்று பரவலால் அந்தத் தூரத்தைக் கடக்க சில மில்லிநொடி போதும். ஆகவே ஒரு நொடி என்பது அதற்கு நீண்ட ஆயுள். செல்லின் எல்லா மூலைக்கும் பலமுறை போய் வந்துவிடலாம்.

போகிற இடத்தில் அது தேடிப் பிடிப்பது பிஎல்பி நொதிகளை. பிஎல்பி என்பது வைட்டமின் பி6-இன் செயல்வடிவம். நொதிக்குள் ஒரு லைசினோடு பிணைந்து உட்கார்ந்திருக்கும். அமினோ அமிலங்களைக் கையாளும் நொதிகளில் பல இதை நம்பித்தான் இருக்கின்றன. 2-அமினோ அக்ரிலேட் அந்தக் குழிக்குள் நுழைந்து பிஎல்பியோடு கார்பன் பிணைப்புப் போட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். நொதி அத்தோடு சரி. முரண் என்னவென்றால், இதைப் பெற்றெடுத்த இல்வ்-ஏயும் ஒரு பிஎல்பி நொதிதான்.

யார் யார் அடிபடுகிறார்கள்? ஐசோலியூசின் பாதையின் கடைசிப் படியைச் செய்யும் இல்வ்-ஈ என்ற அமினோமாற்றி. செல்சுவருக்கு வேண்டிய டி-அலனைனைத் தரும் அலனைன் ரேசிமேஸ். எல்லாவற்றுக்கும் மேலாக கிளை-ஏ, அதாவது செரினிலிருந்து கிளைசினையும் ஒற்றைக் கார்பன் துண்டையும் பிரித்துக் கொடுக்கும் நொதி. அந்த ஒற்றைக் கார்பன் வரத்து குறைந்தால் பியூரின், கோஎன்சைம்-ஏ, தயமின் என்று பல இடத்தில் தட்டுப்பாடு வரும். 1998-இல் தொடர்பில்லாதவையாகத் தெரிந்த கோளாறுகளுக்கு வேர் இங்கேதான். ரிட்-ஏ இல்லாத சால்மோனெல்லா சரியாக நீந்துவதுகூட இல்லை.

செமினாரில் காட்ட வேண்டிய சோதனை ஒன்று உண்டு, படம் வரைந்து காட்டுங்கள். ரிட்-ஏ இல்லாத சால்மோனெல்லாவைக் குளுக்கோசும் உப்புகளும் மட்டும் உள்ள குறைந்தபட்ச ஊடகத்தில் வளர்க்கலாம். அதில் செரினைச் சேர்த்தால் வளர்ச்சி நின்றுவிடும். சத்துப் பொருளைக் கொடுத்ததால் பட்டினி! அதோடு கொஞ்சம் ஐசோலியூசின் சேர்த்தால் மறுபடி வளரும். ஏன்? இரண்டு காரணம். அடிபட்ட பாதையின் விளைபொருள் வெளியிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அதைவிட முக்கியம், அம்பார்கர் 1956-இல் சொன்னபடி ஐசோலியூசின் இல்வ்-ஏயை நிறுத்திவிடுகிறது, நஞ்சு பிறக்கும் வாசலே மூடிவிடும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு கண்டுபிடிப்பு, வேலை தெரியாத ஒரு புரதத்தின் புதிரை அவிழ்க்க உதவியது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம்.

ரிட்-ஏவுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. நம் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல ஹைப்போகுளோரஸ் அமிலம் விடும், பிளீச்சில் இருக்கும் சரக்குதான் அது. ஈ.கோலையின் ரிட்-ஏமீது அது பட்டால் குளோரின் ஏறி, புரதம் தன் தொழிலை மாற்றிக்கொண்டு, சிதையும் மற்றப் புரதங்கள் கட்டி தட்டாமல் தாங்கிப் பிடிக்கிற துணைப்புரதமாகிவிடுகிறது. 2014-இல் வெளியான செய்தி. கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முக்கிய உரையில் நுழைத்தால் கவனம் சிதறும்.

உள்ளே பிறக்கும் இன்னொரு நச்சான மீதைல்கிளையாக்சலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சர்க்கரை வரத்து அளவுக்கு மீறிப் போய், பாஸ்பேட் ஏறிய இடைப்பொருள்கள் தேங்கும்போது, ஈ.கோலை அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே மீதைல்கிளையாக்சலாக மாற்றும். அது டிஎன்ஏவின் குவானினையும் புரதத்தின் ஆர்ஜினினையும் தாக்கும் கடும் நஞ்சு. அடைத்துக்கொண்ட பாஸ்பேட்டை விடுவிக்க இந்த ஆபத்தைச் செல் விலைக்கு வாங்குகிறது. குளுட்டதயோன் என்ற சிறிய காவல் மூலக்கூறும் கிளையாக்சலேஸ் என்ற இரு நொதிகளும் அதை லாக்டேட்டாக்கிவிடும். வழியில் உண்டாகும் குளுட்டதயோன் கூட்டுப்பொருளே சவ்வில் இருக்கும் பொட்டாசியம் வாசலைத் திறக்கச் செய்யும். பொட்டாசியம் வெளியேற, ஹைட்ரஜன் அயனி உள்ளே வர, செல்லுக்குள் சற்றே அமிலத்தன்மை கூடும். அது டிஎன்ஏவைக் காக்கிறது. முதலில் சொன்ன அமிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: அங்கே எதிரி, இங்கே மருந்து.

நுண்ணறைகளுக்கு, அதாவது நச்சைப் பூட்டி வைக்கச் செல்லுக்குள் கட்டும் புரத அறைகளுக்கு, இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். நம் குடலில் ராம்னோஸ், ஃபியூகோஸ் ஆகிய சர்க்கரைகளைப் பாக்டீரியாக்கள் நொதிக்கும்போது புரொப்பேன்டையால் வரும். சால்மோனெல்லா வைட்டமின் பி12 துணையோடு அதை உண்ணும். முதல் படியில் பிறப்பது புரொப்பியோனால்டிஹைடு. டிஎன்ஏவிலும் புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும், ஆவியாகவும் நழுவிப்போகும். இதற்காகச் சால்மோனெல்லா ஆயிரக்கணக்கான புரதத் துண்டுகளால் 100 முதல் 150 நானோமீட்டர் அகலத்தில் ஓர் அறை கட்டுகிறது. கொழுப்புச் சவ்வே கிடையாது, முழுக்கப் புரதச் சுவர். ஆல்டிஹைடைப் பிறப்பிக்கும் நொதியும் அதை அடுத்த படிக்கு மாற்றும் நொதிகளும் உள்ளேயே இருக்கும். நம் பக்கத்து நகரத்தார் வீடுகளில் அடுப்படியைக் கடைசிக் கட்டில், தனி முற்றத்தோடு வைத்து, புகை முகப்புக்கும் பட்டாலைக்கும் வராமல் பார்த்துக்கொண்டார்கள் அல்லவா, யோசனை அதுதான். ஆனால் அங்கே புகை வானத்துக்குப் போய்விடும். இங்கே புகையையே உள்ளே சமைத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். சுவரைக் கெடுத்த சால்மோனெல்லாவுக்கு நிறைய பி12 கொடுத்து வளர்த்தால், ஆல்டிஹைடு செல்லுக்குள் சிந்தி வளர்ச்சி பல மணி நேரம் நின்றுபோகும்.

இதே குடும்ப அறை எத்தனாலமைனை உண்ணவும் பயன்படுகிறது, அங்கே பூட்டி வைக்கப்படுவது அசிட்டால்டிஹைடு. எத்தனாலமைன் நம் குடல் செல்கள் உதிரும்போது அவற்றின் சவ்விலிருந்து கிடைப்பது. வீங்கிய குடலில் சால்மோனெல்லா மற்றப் பாக்டீரியாக்களை முந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். நச்சைச் சமாளிக்கத் தெரிந்தவனுக்கு மற்றவர்கள் தொடாத சாப்பாடு கிடைக்கிறது.

காவல் புரதமே கழுத்தை நெரித்த கதை ஒன்றும் சொல்லியாக வேண்டும். காசநோய்க் கிருமியின் கேட்டலேஸ் கேட்-ஜி. அது மனித வெள்ளையணுவுக்குள்ளேயே குடியிருப்பதால் பெராக்சைடு அதற்கு அன்றாடத் தொல்லை. நாம் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரை அப்படியே வேலை செய்யாது. கிருமியின் கேட்-ஜிதான் அதைச் செயல்வடிவமாக மாற்றிக் கொடுக்கிறது. மாறிய மருந்து செல்லிலுள்ள என்ஏடி என்ற துணைமூலக்கூறோடு இணைந்து, செல்சுவருக்கு வேண்டிய மைக்கோலிக் அமிலம் தயாரிக்கும் இன்ஹ்-ஏ என்ற நொதியை அடைத்துவிடும், செல்சுவர் கட்ட முடியாமல் கிருமி சாகும். கேட்-ஜியை முழுசாக இழந்த கிருமிக்கு மருந்து பிடிக்காது, ஆனால் பெராக்சைடுக்கு எதிரே நிராயுதபாணி ஆகிவிடும். அப்படிப்பட்ட சில கிருமிகள் ஏஎச்பி-சியை அதிகமாகத் தயாரித்து இழப்பை ஈடுகட்டுகின்றன. நோயாளிகளிடம் மிக அதிகமாகக் காணப்படுவதோ இன்னும் சாமர்த்தியமான மாற்றம்: 315-ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் திரியோனின். இந்த ஒற்றை மாற்றம் மருந்தைத் திறக்கும் திறனைக் குறைத்துவிட்டு, பெராக்சைடை உடைக்கும் திறனை ஓரளவு வைத்துக்கொள்கிறது.

செமினாருக்கு நேரம் குறைவு என்றால் மீதைல்கிளையாக்சலையும் நுண்ணறையையும் விட்டுவிடுங்கள். மாவின் அமிலம், டிஸ்மியூட்டேஸ் இல்லாத ஈ.கோலை, ரிட்-ஏ இந்த மூன்றும் போதும். ஐசோலியூசின் பாதையை ஒரே படமாக வரைந்து, நஞ்சு எங்கே பிறக்கிறது, எந்தப் படியில் சூப்பர் ஆக்சைடு அடிக்கிறது, எந்தப் படியில் 2-அமினோ அக்ரிலேட் அடிக்கிறது என்று குறித்தால் பின்வரிசைக்காரருக்கும் புரியும். 'ரிட்-ஏயைத் தடுத்து புது ஆன்டிபயாட்டிக் செய்யலாமா?' என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். என் அபிப்பிராயம், அவ்வளவு நம்பிக்கை வைக்க வேண்டாம். அதே குடும்பப் புரதம் நம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் நிறைய இருக்கிறது, இரண்டின் வடிவமும் நெருக்கம். போதாக்குறைக்கு, ரிட்-ஏ இல்லாத சால்மோனெல்லாவை ஐசோலியூசின் காப்பாற்றிவிடும் என்று நீங்களே படம் போட்டுக் காட்டியிருப்பீர்கள். கறியும் முட்டையும் செரிக்கிற குடலில் ஐசோலியூசினுக்கு என்ன பஞ்சம்?